எறும்பு கண்டுபிடித்த அடைப்பு

கீழ் வீட்டுப் பையன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்து, மாடிப்படிக்கு அடியில் பிரித்துப் போட்டிருக்கிறான். கள்ளக்குறிச்சியில் இப்போது இது ஒரு மோகம். அப்பா காலத்து வண்டியைத் தேடிப் பிடித்து, பெயிண்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு ஓட்டிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பால் வாங்கக் கீழே இறங்கினேன். கார்புரேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தான். உள்ளே ஜெட் இறுகிப்போய்விட்டது, என்ன செய்தாலும் கழலவில்லை என்றான்.

"எறும்பு வருதா பாத்தியாப்பா?" என்று கேட்டேன்.

டீச்சருக்கு வயதாகிவிட்டது என்று அவன் முடிவு கட்டியிருப்பான். அவன்மேல் தப்பில்லை, உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். எறும்புக்கும் கார்புரேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு வெள்ளிமலை ஞாபகம் வரும். கல்யாணமான புதிதில் அங்கே பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. வீடு அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில். அவருக்கு அங்கே உரக்கடை. காலையில் பஸ் ஏறிப் போய்விடுவேன். திரும்புவதுதான் வம்பு. கடைசி பஸ் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தை வகுத்தவர் வீட்டில் டீச்சர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆகவே தினமும் சாயங்காலம் அவர் கடையை ஆளிடம் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் மலையேறி வந்து என்னை அழைத்துப் போவார்.

அந்த வண்டி அப்போதே கிழடு. புகையும் சத்தமும்தான் அதன் சொத்து. மலையேறும் சத்தம் அடி வளைவிலேயே கேட்க ஆரம்பிக்கும். ஒரு வளைவில் கேட்கும், அடுத்ததில் மலை மறைத்துக்கொள்ளும், மறுபடி கேட்கும். மணி அடித்த பிறகும் எனக்குத் துணையாக வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் காது என் காதைவிடக் கூர்மை. "டீச்சர், உங்க வண்டி வந்துக்கினு இருக்குது" என்பார்கள். நான் அவசரமே இல்லாதவள் மாதிரி நோட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வேன். உண்மையில் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்காது. அது பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்த வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. சமதரையில் ஓடும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் இருமி நின்றுவிடும். பாதி மலையில் வண்டியைப் போட்டுவிட்டு அவர் லாரியில் தொற்றிக்கொண்டு வந்ததும் உண்டு. நான் கடுக்காய் மூட்டை ஏற்றிய ஜீப்பில், மூட்டையோடு மூட்டையாக இறங்கியதும் உண்டு. தலைமையாசிரியை அம்மா நல்ல மனசுக்காரர். மாற்றலாகிப் போகிற டீச்சர் ஒருவரின் அறை காலியாகிறது, திங்கட்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள், இல்லாவிட்டால் வேறு ஆள் கேட்கிறார்கள் என்றார். நல்ல யோசனைதான். வாரம் முழுக்க மலையில், சனி ஞாயிறு மட்டும் வீட்டில். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த அறையை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. வண்டி சரியானால் வீடு, ஆகாவிட்டால் அறை என்று ஆகிப்போனது.

அவர் கார்புரேட்டரைக் கழற்றினார். அடியில் இருக்கும் சின்னக் கிண்ணம் முழுக்கக் கறுப்பாக ஏதோ பிசின் இறுகிக் கிடந்தது. பெட்ரோல் மேலே ஏறுகிற ஓட்டைதான் ஜெட். சுண்டுவிரல் நகத்தளவுப் பித்தளைத் திருகு, அவ்வளவுதான். அது அசையவே இல்லை. பெட்ரோலில் ஊறப்போட்டார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி வழுக்கித் திருகின் தலையில் இருந்த கோடே தேய்ந்துபோனது. சனிக்கிழமை பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப் போய், ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாயிடம் காட்டினார். பாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஜாஸ்தி திருகாதீங்க சார். ஒடைஞ்சா இந்த மாடலுக்கு எங்கயும் கெடைக்காது. காயலான் கடைக்குப் போட்டுடுங்க."

வீட்டுக்கு வந்தவர், எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பிச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கினேன்.

ஞாயிறு காலை காப்பி போடப் போனால் ஜன்னலில் எறும்புச் சாரை. சர்க்கரை டப்பாவுக்குத்தான் என்று நினைத்தேன். அதைச் சீண்டக்கூட இல்லை. சாரை நேராகக் கார்புரேட்டருக்குப் போனது. கிண்ணத்தில் ஒரு கூட்டம், ஜெட்டைச் சுற்றி ஒரு கூட்டம். அவரைக் கூப்பிட்டேன். ஆயிலுக்கு வந்திருக்கும் என்றார் கொட்டாவியோடு. ஆயிலுக்கு எந்த எறும்பு வரும்? ஊசியால் அந்தப் பிசினைச் சுரண்டி நுனிநாக்கில் வைத்தேன். இதை நீங்கள் செய்துவிடாதீர்கள், அன்றைக்கு முழுக்க நாக்கு எரிந்தது.

"இனிக்குதுங்க" என்றேன்.

அவர் என்னையும் எறும்பையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக மூலையில் இருந்த பெட்ரோல் கேனைப் பார்த்தார்.

ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்ற வேண்டிய வண்டி அது. கலக்குவதற்கென்று ஒரு கேன் இருந்தது. அது ஓட்டையாகிப் போகவே, புதிதாக இன்னொன்றை எடுத்திருந்தார். உரம் வாங்க வருகிற கரும்புக்காரர் ஒருவர் பொங்கலுக்கு வெல்லப்பாகு கொடுத்தனுப்பிய கேன். வெந்நீர் ஊற்றிக் கழுவித் தருகிறேன் என்றேன். பெட்ரோல் கேனில் தண்ணீர் படவே கூடாதாம். பெட்ரோலையே ஊற்றிக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினார், அவ்வளவு ஜாக்கிரதை. வெல்லம் பெட்ரோலில் கரையுமா? ஒட்டியிருந்த பாகு கொஞ்சம் கொஞ்சமாக வண்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைக் கரைக்க மறுபடியும் பெட்ரோலிலேயே ஊறப்போட்டிருக்கிறார்.

இத்தனை தெரிந்த பிறகும் மனுஷன் இறங்கி வரவில்லை. "இன்னாது, கார்புரேட்டர்ல தண்ணியா? ஊரே சிரிக்கும்" என்றார். பாகு காய்ச்சிய பாத்திரம் தேய்த்தவள் நான். ரசக் குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு அவர் முன்னால் நின்றேன்.

"தண்ணில போட்டா கெட்டாலும் கெட்டுப் பூடும். போடலன்னா நாளைக்கு நான் அந்த ரூமுக்குப் போவணும். எது வேணும்னு சொல்லுங்க."

அவரே எடுத்துப் போட்டார்.

தண்ணீர் செம்மண் நிறமானது. வீடெல்லாம் சர்க்கரைப் பொங்கலும் பெட்ரோலும் கலந்த வாசம். தண்ணீரை மாற்றி இன்னொரு கொதி விட்டோம். சூடு ஆறுமுன் துணியில் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தித் திருகினார். டிக் என்றது. அவ்வளவு சின்னச் சத்தத்துக்கு நான் அழுதிருக்க வேண்டியதில்லை.

வெயிலில் காயவைத்து, மத்தியானம் மாட்டி, டாங்கைக் காலி செய்து வேறு கேனில் கலந்த பெட்ரோலை ஊற்றி, எத்தனையோ உதைக்குப் பிறகு வண்டி பிடித்துக்கொண்டது. அப்படியே மலையேறினோம். எந்த ஏற்றத்திலும் இருமவில்லை. சத்தம் கேட்டுப் பிள்ளைகள் வீடுகளிலிருந்து ஓடி வந்தார்கள். இன்னைக்கு லீவாச்சே டீச்சர் என்றாள் ஒருத்தி. தலைமையாசிரியை அம்மா வீட்டுக்குப் போய் அறை வேண்டாம் என்றேன். வாசலில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு அவர் காரணம் கேட்கவில்லை, சிரித்தார். குண்டானை மட்டும் எத்தனை தேய்த்தும் பெட்ரோல் வாசம் போகவில்லை. அதற்குப் பிறகு அதில் செடிக்குத்தான் தண்ணீர் ஊற்றினேன்.

கொஞ்ச வருஷத்தில் சாயங்காலத்துக்கும் பஸ் விட்டார்கள். வண்டியை விற்றோம். நான் ஓய்வு பெற்றதும் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டோம். இப்போது அவரிடம் இருப்பது பேட்டரி ஸ்கூட்டர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

கீழ் வீட்டுப் பையனுக்கு எறும்பு வரவேயில்லை. ஏதோ ஸ்பிரே அடித்தானாம், ஜெட் தானாகக் கழன்றுவிட்டதாம். என் வைத்தியத்துக்கு வேலை இல்லை. இன்று சாயங்காலம் வண்டியைக் கிளப்பினான். அதே புகை வாசம், அதே படபடச் சத்தம். நான் அடுப்பை அணைத்தேன், கையைத் துடைத்தேன், ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். மாட்டிய பிறகுதான் என்ன செய்கிறேன் என்றே தெரிந்தது.

"எங்க கிளம்பிக்கினு இருக்க?"

திரும்பினால், காய்கறிப் பையோடு கதவருகே அவர். எப்போது வந்தாரோ.

சத்தம் கேட்டது, அதான் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கீழே வண்டி அடங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்று கேட்டோம். மனுஷன் என் பக்கத்திலேயேதான் இருக்கிறார், குறை ஒன்றும் இல்லை. அவர் வருவதற்கு முன்பே அவர் வருகிறார் என்று தெரிந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் இப்போது இல்லை.