தண்ணீர் வரிசையில் போன கடைவாய்ப்பல்

பிள்ளைகளின் பல்லைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். பொடியா பேஸ்டா, விரலா பிரஷா என்பதெல்லாம் அப்புறம். தேய்க்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். எட்டு ஒன்பது வயது வரைக்கும் பார்க்க வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மகனுக்குச் செய்தேன், மகளுக்குச் செய்யவில்லை. அப்படித் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். தியாகராய நகரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. லேத்தில் கடைந்து வரும் உருப்படிகளை அளந்து, தேறியவற்றை ஒரு பக்கமும் தேறாதவற்றை ஒரு பக்கமும் வைக்கிற வேலை. என் கண்ணுக்குத் தப்பி எதுவும் வெளியே போகாது என்று பெயர் வாங்கியிருந்தேன்.

வீட்டுக் கிணறு கோடையில் வற்றிவிடும். தெருக்குழாயில் விடியும் முன் தண்ணீர் வரும், வெளிச்சம் வருவதற்குள் நின்றுவிடும். குடங்களைச் சுமப்பது என் மனைவி. எங்கள் குடத்தை யாரும் பின்னுக்குத் தள்ளிவிடாமல் வரிசையில் நின்று காப்பது ஏழு வயது மகள். அவள் கிளம்பும்போது உள்ளங்கையில் ரோஸ் நிறப் பல்பொடியைக் கொட்டி அனுப்புவோம். நின்றபடியே தேய்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு.

அதே நேரம் நான் கொல்லைப்புறத்தில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, நாலு வயது மகனை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருப்பேன். அவன் கையில் சின்ன பிரஷ், அவன் கை மேல் என் கை. மேலே, கீழே, உள்பக்கம், கடைவாய். என் விரலைக் கடிப்பான். விடமாட்டேன்.

மகள் குழாயடியிலிருந்து திரும்பி வந்ததும், "தேய்ச்சியா?" என்று கேட்பேன்.

"தேய்ச்சேன்ப்பா."

உதட்டோரம் ரோஸ் நிறம் ஒட்டியிருக்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் பெரிய பெண், அவளுக்கே தெரியும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவன் பையன். அவள் தண்ணீருக்குப் போகிறவள். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஒரு நாள், வலது கடைவாயில் குத்துகிறது என்றாள். வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு குழி.

"ஏங்க, டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" என்றாள் மனைவி.

"பால்பல்லுடி. அந்தப் பக்கம் இன்னும் ஒண்ணுகூட விழல. விழப்போற பல்லுக்கு டாக்டரா?"

கிராம்பு வைத்தோம். மாதக்கணக்கில் அவள் இடது பக்கமாகவே மென்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஒரு காலையில் கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக் கிடந்தது. மயிலாப்பூரில் மாடியில் இருந்த ஒரு பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "ஏன் சார் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"பால்பல்தானே, விழுந்துடும்னு..."

"யார் சொன்னா? இது ஆறு வயசுல, எந்தப் பல்லும் விழாமலே, பின்னாடி புதுசா முளைக்கிற பல்லு. கடைசி வரைக்கும் இருக்க வேண்டியது. வேர் வரைக்கும் போயிடுச்சு, எடுத்துத்தான் ஆகணும். இதே மாதிரி இன்னும் மூணு இருக்கு. அதையாவது பாருங்க. தினம் இவ தேய்க்கறதை யார் பாக்கறா?"

"அவளே தேய்ச்சுக்குவா, டாக்டர்."

"தலை யார் பின்னி விடறா?"

"அவங்க அம்மா."

"தலைய தானா பின்னிக்கத் தெரியாத கை, கடைவாயை மட்டும் தானா தேய்ச்சுக்குமா சார்?"

பல்லை எடுத்தார். சாயங்காலம் பஞ்சைத் துப்பிவிட்டு மகள் கேட்டாள்: "தம்பிக்கும் புடுங்குவாங்களா?"

"மாட்டாங்க."

"ஏன்?"

அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். "நீ அவன்கூட உக்காந்துக்கற. என்னை குழாய்க்கு அனுப்பிடற." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் போகலன்னா அவன் எந்தத் தண்ணில வாய் கொப்புளிப்பானாம்?" என்றாள். கோபமே இல்லை, கணக்கில் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். மனைவி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

வாய் ஆறியதும், ஒரு விடியலில் குடங்களை நானே தூக்கிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடும் குழாயடிக்குப் போனேன். பக்கத்துச் சந்தில் இட்லிக் கடை வைத்திருந்த அம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"இன்னா சார், நீ கொடம் தூக்கிக்கினு வந்துகீறே? ஊட்ல அம்மாக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காங்க. இனிமே நான்தான் வருவேன்."

மகளைத் தெருவிளக்கின் கீழ் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன்.

"தோ பாருங்கடி, கொழாயாண்ட ஆசுபத்திரி தொறந்துட்டாரு!"

வரிசை முழுவதும் சிரித்தது. மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சும்மா காட்டு கண்ணு, அப்பன் பாக்கட்டும்" என்றாள் அதே அம்மாள். என் பக்கம் திரும்பி, "இத்தினி நாளா அந்தப் பொடிய நக்கி நக்கித் துன்னுகினு இருந்துச்சு சார். இனிப்பா கீதில்ல? நீ இன்னான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லை.

அவளுக்கும் ஒரு பிரஷ் வாங்கினேன். முதலில் மகள், பிறகு மகன். குடம் நிரம்புவதற்குள் இருவர் வாயையும் பார்த்துவிடுவேன். போகப் போகக் கேலி நின்றது. எழுபதுகளின் நடுவில் அடையாறுக்கு வீடு மாறினோம். அங்கே குழாய் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அங்கும் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன், "போதும்ப்பா, நான் ஹைஸ்கூல் போறேன்" என்று அவள் வாளியைப் பிடுங்கிக்கொள்ளும் வரைக்கும்.

மகனுக்கு இன்று ஒரு பல்லிலும் குறையில்லை. மகளுக்கு அந்த இடம் காலியாகவே நின்று, பக்கத்துப் பல் அதில் சாய்ந்துவிட்டது. இன்றும் முறுக்கை இடது பக்கத்தில்தான் கடிக்கிறாள். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் நிமிர்ந்து பார்க்கத் தயங்குவது அந்த ஒன்றைத்தான். மற்ற மூன்று பற்களும் அறுபது வயது தாண்டியும் அசையாமல் நிற்கின்றன. சமீபத்தில் அவளைப் பார்த்த டாக்டர் பாராட்டினாராம்.

இதை எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"அழுமூஞ்சியா எழுதாதப்பா," என்றாள். "ஒண்ணு நீ விட்டது, மூணு நீ காப்பாத்தினது. எழுதறதுன்னா ரெண்டையும் எழுது."