மகள் கேட்டது உவர் மண்

நேற்று அலுமாரியை ஒதுக்கிய என் மனைவி, மூடி துருப்பிடித்த ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, இதை வீசட்டா என்று கேட்டாள். திறந்தேன். தூறல் விழுந்த வரம்பின் மணம். இத்தனை வருடம் டின்னுக்குள் கிடந்தும் போகவில்லை. நாவிதன்வெளியில் இருக்கும் எங்கள் மேட்டு வயலின் மண் அது. அப்படியான மண் இந்தக் கரையில் வேறு யாரிடமும் இல்லை. சந்தேகமிருந்தால் கல்முனையில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்போது எங்களுக்கென்று ஒரு வரம்புகூட இல்லை. பிறர் வயலில் கூலிக்கு நின்றுதான் மண்ணைப் படித்தேன். ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தால் உவரா, நல்லதா, உவரென்றால் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். இதையே சொல்லிச் சொல்லி, கல்யாண வீடுகளில் என் பக்கத்துக் கதிரை காலியாகக் கிடக்கும்.

அப்படிப்பட்டவனின் மகள் ரிஸ்னா மண்ணைப் படிக்க நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனாள். பொம்பிளைப் பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்று குடும்பத்தில் கதைத்தார்கள். நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், மண்ணைப் பற்றி அங்கே அப்படி என்னதான் படிப்பிக்கிறார்கள் என்று அறியும் ஆசை அவளைவிட எனக்குத்தான் அதிகம். அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால் அவளுடைய வீடியோ கோல் வரும். அங்கே அது பகல் சாப்பாட்டு நேரம். பாணைக் கடித்தபடி வகுப்பில் சொன்னதையெல்லாம் சொல்லுவாள். நான் கேள்வி கேட்பேன். கடலைவிடப் பள்ளமான நிலத்தில் மாடு மேய்க்கிறார்கள் என்பதை நம்ப எனக்கு ஒரு கிழமை எடுத்தது. படிப்பிக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

இரண்டாம் வருடம் ஆய்வு. களப்பின் உப்புத் தண்ணீர் ஏறிக் கெட்டுப்போன வயலைப் பற்றி எழுதப்போகிறாளாம். கிட்டங்கிப் பக்கம் எங்களுக்கு அப்படியொரு மூலை இருந்தது. நெல் மஞ்சளித்துச் சாகும். அந்த மண்ணில் கொஞ்சம் அனுப்பச் சொன்னாள்.

மண்வெட்டியோடு போய்ப் பார்த்தேன். மூலை உப்புப் பூத்துக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் நம் மண்ணை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்கள், இதையா காட்டுவது? மேட்டு வயலில் வெட்டினேன். மனைவி அதைச் சுளகில் புடைத்து, கல் பொறுக்கி, பெருநாள் பலகாரத்து மாவைப் போல அரித்துத் தந்தாள். பல்கலைக்கழகம் எடுத்துத் தந்த அனுமதிக் கடிதத்தோடு பார்சல் போனது. மிஞ்சியதுதான் இந்த டின்.

ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் கோலில் ரிஸ்னா பாண் இல்லாமல் வந்தாள். இயந்திரத்தில் உப்பே காட்டவில்லை. நாலு தரம் அளந்துவிட்டாள். அவளுக்கு அளக்கத் தெரியவில்லை என்று பேராசிரியர் நினைக்கிறாராம். தலைப்பை மாற்றினால் விசா முடிவதற்குள் எழுதி முடியாது. பட்டமில்லாமல் திரும்ப வேண்டியதுதான்.

"எனக்கு இது ஏலாது போல வாப்பா. நான் வந்திர்றன்."

நான் பிழை செய்தேன் என்று சொன்ன நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. பிழை செய்த நாட்களே குறைவு என்பதும் ஒரு காரணம். மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

"அது மூலை மண் இல்ல மகள். நம்மட மேட்டு வயல் மண்."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அரிச்சும் அனுப்பினீங்களா?"

"உம்மாதான் அரிச்ச."

"அல்லாஹ்வே. இத நீங்களே புரபெசருக்கிட்ட சொல்லுங்க வாப்பா."

மறுநாள் சேர்ட் போட்டு, தொப்பி வைத்து உட்கார்ந்து சொன்னேன். ரிஸ்னா மொழிபெயர்த்தாள். பேராசிரியர் அம்மா ஏசுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ கெமராவுக்குக் கிட்ட வந்து, இயந்திரமில்லாமல் நல்ல மண் எதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நாக்கை நீட்டிக் காட்டினேன். மனைவி எழுந்து குசினிக்குப் போய்விட்டாள்.

பிறகு நடந்தது அவருடைய யோசனை. களப்பிலிருந்து மேடு வரை ஐந்து இடத்து மண், அரிக்காமல், வேரும் நத்தை ஓடுமாக அனுப்ப வேண்டும். ஐந்தையும் நான் ருசித்து, உவர் கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதி உறையில் ஒட்டிவைக்க வேண்டும். ரிஸ்னா அளந்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

பிரித்தார்கள். மூன்றாவதும் நாலாவதும் மட்டும் இடம் மாறியிருந்தன. மற்றதெல்லாம் நான் எழுதியபடியே. மகளின் ஆய்வில் எனக்கென்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. என் நாக்கின் படத்தையும் போடச் சொன்னேன், மறுத்துவிட்டாள்.

பட்டம் எடுத்து அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அஸருக்குப் பிறகு இப்போது கோல் வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் வரும், சுகம் விசாரிப்போம், மண்ணைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. டின்னை வீசவிடவில்லை.

ஆனால் அந்த மூன்றிலும் நாலிலும் எனக்கு இன்னும் சந்தேகம்தான். பிழை விட்டது என் நாக்கா, அவர்களுடைய இயந்திரமா? அந்த இரண்டு மண்ணையும் வெட்டிய இடத்தில் கிரவல் கொட்டி, வீதியை அகலமாக்கித் தார் போட்டுவிட்டார்கள். அந்த வழியே போகும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்குகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹோன் அடிக்கிறார்கள். கிள்ளிப் பார்க்க மண் இல்லை.