முந்தானையில் ஆறு டை

பெயர்: அம்சவள்ளி. பிறந்த ஆண்டு: 1981. ஊர்: கல்வராயன் மலையில் மேல்தேக்கம்பட்டு. கல்வி: பத்தாம் வகுப்பு. 2.7.2007 அன்று அதே ஊர் அங்கன்வாடி மையத்தில் பணியாளராகச் சேர்ந்தார். உதவியாளர்: பெரியநாயகி, 2011 முதல். 18.11.2024 நிலவரப்படி பதிவேட்டில் இருந்த குழந்தைகள் பதினாறு பேர். அன்று வந்தவர்கள் ஐந்து பேர்.

அன்றைக்கு வந்த இன்னொருவர் மேற்பார்வையாளர் சந்திரலேகா. பதிவேட்டையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஜனவரி 31 அன்று மீண்டும் வருவதாகவும், அன்று பன்னிரண்டு குழந்தைகளாவது இல்லையென்றால் மையத்தைக் கீழ்த்தேக்கம்பட்டு மையத்தோடு சேர்த்துவிடப் பரிந்துரைக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். கீழ்த்தேக்கம்பட்டு நான்கு கிலோமீட்டர். நடுவில் இரண்டு ஓடைகள். மூன்று வயதுக் குழந்தை அவ்வளவு தூரம் நடக்காது. நடந்தாலும் மழைக்காலத்தில் ஓடை விடாது. சேர்த்துவிட்டால் இந்த ஐந்து பேருக்கும் மையம் இல்லை என்று பொருள்.

அம்சவள்ளிக்கு இத்தகைய இக்கட்டுகள் புதியவை அல்ல. எடை பார்க்கும் கருவி கேட்டு மூன்று முறை எழுதியதற்கு ஒருமுறை பன்னிரண்டு பிளாஸ்டிக் யானைகள் வந்தன. எரிவாயுப் பணம் தாமதமான மாதங்களில் விறகு பொறுக்கிச் சமைத்தார். ஆனால் குழந்தைகளைப் பொறுக்கிக்கொண்டு வர முடியாது.

வராத பதினொரு பேரும் எங்கே இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அடிவாரத்தில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளி உண்டு. ஆண்டுக் கட்டணம் பதினாறாயிரம், மூன்று தவணை. வேனுக்கு மாதம் தொள்ளாயிரம். காலை எட்டு மணிக்குக் கொளஞ்சியப்பன் ஓட்டி வரும் மஞ்சள் வேனில், சிவப்பு டையும் ஷூவும் அணிந்து பதினொரு பேரும் மலையிறங்கிப் போனார்கள். செல்லன் என்பவர் தம் மகள் சங்கவியின் முதல் தவணைக்காக இரண்டு ஆடுகளை விற்றார். இரண்டாம் தவணைக்கு மரவள்ளியை நம்பியிருந்தார். நவம்பர் கடைசியில் மரவள்ளி விலை பாதியாக இறங்கியது. டிசம்பர் முதல் வாரத்தில், இரண்டாம் தவணை கட்டாத ஏழு குழந்தைகளை ஏற்றாமல் வேன் போயிற்று.

ஏழு பேரும் மறுநாளே மையத்துக்கு வந்துவிடுவார்கள் என்று அம்சவள்ளி ஐந்தோடு ஏழைக் கூட்டிப் பார்த்து, கூடுதலாகப் பருப்பு ஊறவைத்தார். யாரும் வரவில்லை. மாலையில் செல்லன் வீட்டுக்குப் போனார். சங்கவி டை கட்டிக்கொண்டு, மீதமிருந்த ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

"புள்ளைய வூட்டுல வெச்சிக்கினு இன்னா செய்யிற, செல்லா? மையத்துக்கு அனுப்பு."

"அனுப்பலாம் டீச்சரம்மா. அங்க டை கட்டிக்கினு போன புள்ள. இங்க வந்து வெறுங் கழுத்தோட ஒக்காந்தா, செல்லன் நொடிச்சிப் போய்ட்டான்னு ஊரு சிரிக்கும்."

"டையோடவே வரட்டும். நான் அவுக்கச் சொல்லல."

அடுத்த நாள் சங்கவி டையோடு வந்தாள். பதிவேட்டில் வருகை ஆறு. ஆனால் பத்து மணிக்குள் ஏற்கெனவே இருந்த ஐவரும் தங்களுக்கும் டை வேண்டும் என்று அழத் தொடங்கினார்கள். உணவு நேரத்திலும் அழுகை நிற்கவில்லை; முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார்கள்.

மையத்தின் சில்லறைச் செலவுக்கென வரும் தொகையில் துடைப்பம், சோப்பு, பினாயில் ஆகியவை வாங்கலாம். டை என்ற சொல் எந்தப் பட்டியலிலும் இல்லை. இருமுறை தேடிப் பார்த்துவிட்டு அம்சவள்ளி தம் பெட்டியைத் திறந்தார். துறை கொடுத்த சீருடைச் சேலைகள் இரண்டில் ஒன்றை எடுத்துக் கத்தரிக்கோலோடு பெரியநாயகியின் முன் வைத்தார்.

"டீச்சரு, இது கவர்மெண்டு சேலை."

"புள்ளைங்களும் கவர்மெண்டு புள்ளைங்கதான், அக்கா. வெட்டு."

"மேடம் கேட்டா இன்னா சொல்லுவ?"

"கேக்கும்போது யோசிக்கலாம். நேரா வெட்டு, கோணப் போவுது."

முடிச்சுதான் சிக்கலானது. டை கட்டுவது எப்படி என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. செல்லனுக்குத் தெரிந்தது கன்றுக்குட்டியைக் கட்டும் முடிச்சு; இழுத்தால் இறுகும் என்பதால் அது நிராகரிக்கப்பட்டது. கடைசியில் பழைய பாவாடைகளின் எலாஸ்டிக்கைப் பிரித்துக் கழுத்துக்கு வைத்துத் தைத்தார்கள்.

இருபது டை தேறியது. பதினான்கு வெறும் நிறம். முந்தானையில் வெட்டிய ஆறில் மட்டும் குறுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. வேன் ஏற்றாத மற்றக் குழந்தைகளின் தாய்மார்களும் பார்க்க வந்துவிட, கோடு போட்ட டை யாருக்கு என்று சண்டை மூண்டது. அம்சவள்ளி பிறந்த தேதிப் பதிவேட்டை எடுத்து, பன்னிரண்டு பேரில் வயதில் மூத்த ஆறு பேரைத் தேர்ந்தார்.

"இன்னா கணக்கு இது?" என்றார் செல்லன்.

"கோடு போட்டது யூகேஜி. கோடு போடாதது எல்கேஜி."

செல்லன் மகளின் கோடு போட்ட டையைத் தொட்டுப் பார்த்தார். "கீழ அரை வருசம் படிச்சும் எல்கேஜிதான். இங்க வந்த ஒரே வாரத்துல எம்பொண்ணு யூகேஜியா?"

"ஆமா."

"ஃபீஸு?"

"முட்டைய மிச்சம் வெக்காம தின்னணும். அதான் ஃபீஸு."

இந்தச் செய்தி மரவள்ளிக் காடுகள் வழியாக மாலைக்குள் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 6.1.2025 அன்று வருகை பன்னிரண்டு.

சங்கவி கோடு போட்ட டைக்கு மாறியதால் சிவப்பு டை மிஞ்சியது. செல்லன் அதை ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டார். ஒருநாள் அது வேனுக்குக் குறுக்கே வந்து நின்றது. கொளஞ்சியப்பன் இறங்கினார்.

"யோவ், எங்க ஸ்கூலு டைய ஆட்டுக்குக் கட்டி வெச்சிருக்க?"

"முந்நூத்தம்பது ரூவா குடுத்து வாங்கினது. புள்ளையத்தான் ஏத்த மாட்டேன்னுட்டீங்க. இத வேணா ஏத்திக்கினு போ."

கொளஞ்சியப்பன் மையத்து வாசலில் நின்ற அம்சவள்ளியைத் திரும்பிப் பார்த்தார். "டை தச்சிட்டீங்க டீச்சரு. ஷூவுக்கு இன்னா செய்வீங்க?"

"ஷூ தைக்கிற சேலை இன்னும் குடுக்கல" என்றார் அம்சவள்ளி.

ஜனவரி 31, வெள்ளிக்கிழமை. மலை முழுக்கப் பனி. முந்தைய நாள் துவைத்த இரண்டாவது சீருடைச் சேலை காயாமல் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்சவள்ளி பூப்போட்ட நைலக்ஸ் சேலையில் மையத்தைத் திறந்தார். ஒன்பதரைக்கு எண்ணிப் பார்த்தார். பதினொன்று. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். மறுபடி எண்ணினார், கதவருகே நின்றும் ஒருமுறை எண்ணினார். பத்து மணிக்குச் சந்திரலேகா வருவதாக இருந்தது.

"ஒண்ணு கம்மி" என்றார் பெரியநாயகி.

"எனக்குத் தெரியும் அக்கா."

அப்போது வாசலில், பனியால் அன்று தாமதமாக வேன் ஓட்டி வந்த கொளஞ்சியப்பன் நின்றார். கையில் சந்தியா, பள்ளிக்கு இன்னும் போய்க்கொண்டிருந்த நான்கு பேரில் ஒருத்தி. டை, ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாம் இருந்தன.

"மூணாந் தவணை கட்டல, இன்னிலேர்ந்து ஏத்தாதன்னு போன்ல சொல்லிட்டாங்க, டீச்சரு. வூட்டுல ஆளில்ல, எல்லாரும் காட்டுக்குப் போய்ட்டாங்க. ரோட்டுல வுட்டுட்டுப் போவ முடியல." பாய்களின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த டைகளைப் பார்த்தார். "இதையும் உங்க கணக்குல வெச்சிக்கங்க."

சந்தியா பதிவேட்டில் ஏற்கெனவே இருந்த பெயர். பிறந்த தேதியைப் பார்த்து அவளை எல்கேஜியில் உட்கார வைத்தார்கள். அவள் உடனே கோடு போட்ட டை கேட்டாள்.

பத்தேகாலுக்குச் சந்திரலேகா வந்தார். குழந்தைகளைப் பார்ப்பதற்கு முன் பணியாளரைப் பார்த்தார்.

"சீருடை எங்கம்மா?"

"ஒண்ணு கொடியில காயுது, மேடம்."

"இன்னொன்னு?"

அம்சவள்ளி பதில் சொல்வதற்குள் சங்கவி எழுந்து தன் டையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். "இது டீச்சரு முந்தானை" என்றாள். மற்றவர்களும் தூக்கிக் காட்டினார்கள். சந்தியா தன் சிவப்பு டையைத் தூக்கிக் காட்டி, "இது இல்ல" என்றாள்.

சந்திரலேகா அருகில் போய் ஒரு டையைத் திருப்பி, உள்பக்கத் தையலைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருமுறை எண்ணியதாகப் பெரியநாயகி சொல்கிறார். பார்வைப் புத்தகத்தில் அவர் எழுதியவை இவை:

"பணியாளர் சீருடையில் இல்லை. ஒரு சேலை இருப்பில் குறைகிறது. மூன்று நாளுக்குள் விளக்கம் தேவை."

அம்சவள்ளியின் விளக்கம் 3.2.2025 தேதியிட்டது, ஒரே வரி: "மேற்படி சேலை மையத்திலேயே பயன்பாட்டில் உள்ளது."

பார்வைப் புத்தகத்தின் அதே பக்கத்தில், சந்திரலேகாவின் கையெழுத்துக்கு மேலே உள்ள பதிவு: 31.1.2025, வருகை 12.