மேல் வால்வை மூடிய பின்னர்

கொக்குவிலில் சுபாஜினி என்ன வேலை செய்கிறாள் என்பது அயலில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கம்பியூட்டரில் ஏதோ எழுதிக் கொடுக்கிறாள் என்பது பொதுவான பேச்சு. கடைக்காரர் ஒருமுறை நேரேயே கேட்டார். "அணுமின் நிலையங்களிலை ஏதும் பிசகு நடந்தால் அறிக்கை எழுதுவினம். அதை வாசிச்சு, எழுத்திலை பிழை இருந்ததோ எண்டு பாக்கிறது என்ரை வேலை" என்றாள். அவர் மாப் பையைக் கட்டிக்கொண்டே, "அப்ப எழுத்துப்பிழை திருத்திற வேலை" என்றார். அவள் ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஒருவகையில் அவர் சொன்னதும் சரிதான். உலகத்தில் எங்கோ ஒரு நிலையத்தில் ஒரு குழாய் வெடித்தாலும், ஒரு பம்பு நின்றாலும், அதைப் பற்றிய அறிக்கை நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் நீக்கப்பட்டு இங்கிலாந்திலுள்ள அவளது நிறுவனத்துக்கு வரும். கூடவே, அந்த வேலையைச் செய்தவர் கையில் வைத்திருந்த செயன்முறைத் தாள்களும் வரும். இதைச் செய், பிறகு அதைச் செய் என்று படிபடியாக எழுதப்பட்ட தாள்கள். நடந்த பிசகில் அந்தத் தாள்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் சுபாஜினி பார்க்க வேண்டும். படி தவறானதா, விடுபட்டதா, ஒரு வசனத்துக்குள் இரண்டு வேலை இருக்கிறதா, வாசிக்கிறவருக்கு விளங்காதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் உண்டு.

வயது நாற்பத்தாறு. கலியாணம் கட்டவில்லை. பதினான்கு வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு, படுக்கையில் விழுந்த தகப்பனைப் பார்க்க 2019இல் வந்தாள். இரண்டு வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். திரும்பிப் போகவென்று ஒரு காரணமும் இருக்கவில்லை. வேலையும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்றாகிவிட்டது. நான்கு அறை வீட்டில் ஒன்றைத்தான் அவள் பாவித்தாள். சில நாட்களில் பின்னேரம் இரண்டு மணிக்கு மேலதிகாரி ஹெலனுடன் காணொளியில் பேசத் தொடங்கும்போதுதான், அன்றைக்குத் தான் முதல்முறை வாய் திறக்கிறாள் என்பது அவளுக்கு உறைக்கும். குரல் கரகரக்கும். அதற்காகவே பேசுமுன் ஒரு மிடறு தண்ணீர் குடித்து, இரண்டு தரம் செருமிக்கொள்வாள்.

போன ஆவணியில் ஓர் அறிக்கை வந்தது. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் குளிர்நீர்ப் பம்பு ஒன்றைப் பரிசோதிக்கும்போது, தண்ணீர் திரும்பி ஓடவேண்டிய மீள்சுழற்சி வால்வு மூடியிருக்க, பம்பை ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறு நிமிடத்தில் பம்பு சூடேறிப் பழுதாகிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை, கதிர்வீச்சும் வெளியேறவில்லை. ஆனால் பதினொரு மணித்தியாலம் அந்த நிலையம் அவசரப் பம்பு இல்லாமல் இருந்திருக்கிறது. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: பணியாளர் 'சி' செயன்முறையைப் பின்பற்றவில்லை. நடவடிக்கை: மீள்பயிற்சி, ஒழுக்காற்று விசாரணை.

சுபாஜினி செயன்முறையைத் திரையில் இரண்டு தரம் வாசித்தாள். எல்லாம் இருந்தது. வால்வு திறந்திருப்பதை உறுதிசெய்யச் சொல்லும் எச்சரிக்கையும் கட்டம் போட்டு இருந்தது. பின்பற்றவில்லை என்ற குறியெண்ணை இட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பணியாளர் திரையில் வாசித்திருக்கமாட்டார், கடதாசியில்தான் வாசித்திருப்பார் என்று நினைத்து, முப்பத்துநாலு பக்கத்தையும் அச்செடுத்தாள். மேசைக்கு முன் எழும்பி நின்று, பணியாளர் நிற்பதுபோல் நின்றுகொண்டு, ஒவ்வொரு படியாகச் சத்தமாக வாசித்துப் போனாள்.

பதினேழாம் படி ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரியாக இருந்தது. பம்பை இயக்குக. தாளைப் புரட்டினாள். பத்தாம் பக்கத்தின் உச்சியில் அந்தக் கட்டம்: பதினேழாம் படியைச் செய்யுமுன் மீள்சுழற்சி வால்வு திறந்திருப்பதை உறுதிசெய்க.

தாளைக் கையில் பிடித்தபடி கதிரையில் இருந்தாள். பிழையைக் கண்டுபிடித்த சந்தோசம் வரவில்லை. இதே பிழையை அவள் ஒருமுறை தன் கையாலேயே எழுதியிருக்கிறாள்.

2003இல், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த கையோடு, பருத்தித்துறைப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஓர் ஐஸ் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சண்டை ஓய்ந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய காலம். அங்கே குளிரூட்டுவது அமோனியா. அது நிற்கும் தாங்கியின் அடியில் எண்ணெய் சேரும். வாரம் ஒருமுறை அதை வடிக்க வேண்டும். முதலில் மேல் வால்வை மூடிவிட்டுத்தான் கீழ் வால்வைத் திறக்கலாம்; இல்லாவிட்டால் எண்ணெயோடு அமோனியாவும் பாய்ந்து வரும். இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கி, சுவரில் மாட்ட ஒரு பலகையில் எழுதியவள் சுபாஜினி. ஆங்கிலத்தில் சொற்கள் கிடந்த ஒழுங்கிலேயே அவளும் எழுதினாள். நான்காவது வரி: கீழ் வால்வை மெதுவாகத் திறக்கவும். அதன் கீழ், சிறிய எழுத்தில்: மேல் வால்வை மூடிய பின்னர்.

வழக்கமாக எண்ணெய் வடிப்பவர் லீவில் நின்ற ஒருநாள், அந்த வேலைக்குத் தம்பிஐயா போனார். நாற்பத்தைந்து வயது, இயந்திரம் பழகிய கை. பலகையை வாசித்தார். நான்காவது வரியைச் செய்தார். அமோனியா முகத்தில் அடித்து வலது கண் போய்விட்டது. ஆசுப்பத்திரிக் கட்டிலில் வைத்து முதலாளியின் ஆட்கள் கேட்டபோது, "நான்தான் அவசரப்பட்டிட்டன்" என்று அவர் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சுபாஜினி பலகையைக் கழற்றினாள். வரிகளை மாற்றி எழுதினாள். திரும்ப மாட்டினாள். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை. இரண்டு வருடத்தால் புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்துக்குப் போனாள். எழுத்தால் வரும் விபத்துகளைப் பற்றி ஏன் படிக்க விரும்புகிறாய் என்று அங்கே கேட்டார்கள். ஆர்வம் என்றாள்.

ஹெலனுடன் பேசியபோது தண்ணீர் குடிக்க மறந்துவிட்டாள். ஒன்பதாம் பக்கத்தையும் பத்தாம் பக்கத்தையும் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள்.

"விளங்குகிறது," என்றாள் ஹெலன். "ஆனால் நிலையம் முடிவு எடுத்துவிட்டது. அந்தப் பணியாளரே தன் பிழை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்."

"அவர் ஒப்புக்கொள்ளத்தான் செய்வார். கண்ணுக்கு முன்னால் பழுதான பம்பு, அவர் கையாலேயே போட்ட சுவிட்சு. வேறு என்ன சொல்வார்? அவரிடம் ஏழு கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதை எழுதியவரிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை."

ஐந்து வருடத்தில் சுபாஜினி இப்படிக் குரல் உயர்த்தியதில்லை. "எழுதி அனுப்பு," என்றாள் ஹெலன்.

நான்கு பக்கம் எழுதி அனுப்பினாள். ஐந்து கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. நிலையம் அந்தக் கட்டத்தைப் பதினேழாம் படிக்கு மேலே நகர்த்திவிட்டது. காரணத்தில் செயன்முறைக் குறைபாடும் சேர்க்கப்பட்டுவிட்டது. பணியாளர் சி என்ன ஆனார் என்று கேட்டாள். அது எங்களுக்குத் தெரியவராது என்றாள் ஹெலன். அவர் ஆணா பெண்ணா, எந்த நாடு என்பதுகூடச் சுபாஜினிக்குத் தெரியாது. தன் பிழையில்லை என்று யாராவது அவரிடம் போய்ச் சொல்லியிருப்பார்களா என்று யோசித்துக்கொண்டே இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்தாள். மூன்றாம் நாள் காலை பருத்தித்துறை பஸ் ஏறினாள்.

தம்பிஐயாவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. படகு எஞ்சின் திருத்துகிறவர் என்றதும் கைகாட்டினார்கள். முற்றத்தில் சாக்கு விரித்து, ஓர் எஞ்சினைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தார். கழற்றிய ஒவ்வொரு ஆணியும் கழற்றிய ஒழுங்கில் வரிசையாகக் கிடந்தது.

"ஆர் பிள்ளை?"

"ஐஸ் பக்டரியிலை இருந்த சுபாஜினி."

அவர் தலையைச் சரித்து இடது கண்ணால் பார்த்தார். "ஓ, மிஸ்ஸே. இருங்கோ, இருங்கோ. குணலட்சுமி, கதிரை ஒண்டு கொண்டுவா."

மனைவி பிளாஸ்ரிக் கதிரை கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோடு நின்றாள். சுபாஜினி பஸ்ஸில் யோசித்து வந்த முன்னுரையெல்லாம் மறந்துபோயிற்று.

"அண்டைக்கு நடந்தது உங்கடை பிழை இல்லை. நான் எழுதின பலகையிலைதான் பிழை."

"இல்லை மிஸ். நான்தானே வாசியாமல் திறந்தனான்."

"வாசிச்சுத்தான் திறந்தனீங்கள். திறக்கச் சொல்லி முதல் எழுதிப்போட்டு, மேல் வால்வை மூடச் சொல்லி அதுக்குக் கீழை எழுதியிருந்தனான். வாசிச்ச ஒழுங்கிலை நீங்கள் செய்தீங்கள்."

தம்பிஐயா கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பேசியது குணலட்சுமிதான்.

"இருபத்தொரு வரியமா இந்த மனிசன் தன்னைத் தானே அவசரக்காரன் எண்டு சொல்லிக்கொண்டு திரியுது. படலையை மூண்டு தரம் பூட்டிப் பாக்கும். பேரப்பிள்ளையைச் சைக்கிளிலை ஏத்தாது. என்ரை தம்பி கடலுக்குக் கூப்பிட்டவன், தன்னை நம்பி ஒருத்தரும் வரக்கூடாது எண்டு போகேல்லை."

"நீ சும்மா இரு," என்றார் தம்பிஐயா. பிறகு, "மிஸ்ஸுக்கு இது எப்ப தெரியும்?"

இந்தக் கேள்வி வராமல் விட்டுவிடும் என்று சுபாஜினி ஒரு மூலையில் நம்பியிருந்தாள்.

"அப்பவே தெரியும். மூண்டாம் நாள் பலகையைக் கழட்டி மாத்தி எழுதினனான்."

"நான் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை."

"ஓம்."

பக்கத்து வளவில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. தம்பிஐயா எழும்பி உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. குணலட்சுமி அவளைப் போகச் சொல்லவில்லை. கடைசியில் அவர் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவந்து நீட்டினார்.

"எழுதித் தாங்கோ. பிள்ளையளுக்குக் காட்டவேணும்."

மடியில் வைத்து எழுதினாள். வருடக்கணக்காக அறிக்கை எழுதிய கைக்கு வசனம் தானாக வந்தது. அவர் வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, உதடு அசைய வாசித்தார். "மேற்படி அறிவுறுத்தற் பலகையில் ஒழுங்குப் பிழை ஏற்பட்டிருந்தமை அவதானிக்கப்பட்டுள்ளது." மறுபடியும் வாசித்தார்.

"ஆர் பிழை விட்டது எண்டு இதிலை இல்லையே மிஸ்."

சுபாஜினி பக்கத்தைக் கிழித்தாள். இரண்டாவது தாளில், நிர்வாகத்தின் சார்பில் எழுதப்பட்ட பலகை என்று எழுதினாள். அவர் அதற்கும் தலையாட்டவில்லை. மூன்றாவது தாளில் எழுதினாள்: பலகையை நான் எழுதினேன். பிழையாக எழுதினேன். தம்பிஐயா அதில் இருந்தபடியே செய்தார். அதனால் அவருக்குக் கண் போனது. எனக்கு அது மூன்றாம் நாளே தெரியும். நான் சொல்லவில்லை. கீழே முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

அவர் வாசித்தார். "இது விளங்குது," என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "பன்னிரண்டரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிரித்த எஞ்சினுக்கு முன்னால் திரும்பவும் இருந்தார். தேத்தண்ணி தரவில்லை. குணலட்சுமி மட்டும் படலை வரைக்கும் வந்தாள்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் சுபாஜினி கம்பியூட்டரைத் திறக்கவில்லை. நான்காம் நாள் திறந்து, நிறுவனத்தின் பரிசீலனைப் படிவத்தில் ஒரு கேள்வி கூட்ட வேண்டும் என்று ஹெலனுக்கு எழுதினாள்: இந்தப் படியை எழுதியவரிடம் கதைத்தீர்களா? யோசிக்கிறோம் என்று பதில் வந்தது. இன்னும் யோசிக்கிறார்கள்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு சனிக்கிழமை, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தம்பிஐயாவின் மகன் ஜெரோசன் என்று சொன்னான். சுபாஜினி ஜன்னலோரம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். திட்டப்போகிறான் என்றால் திட்டட்டும் என்று இருந்தது.

"அப்பா அந்தக் கடிதத்தை லமினேற் பண்ணக் குடுத்தவர், பிறகு வேண்டாமெண்டு திரும்ப வாங்கிப்போட்டார்," என்றான். "நீங்கள் திகதி போடேல்லையாம். திகதி இல்லாமல் அது சரிவராது எண்டு ஒரே பிடியா நிக்கிறார்."

"தபாலிலை அனுப்புங்கோ, போட்டு அனுப்பிறன்."

அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொல்வது கேட்டது. "தபாலிலை அனுப்பமாட்டாராம். மிஸ்ஸை வரச்சொல்லட்டாம்."

"நாளைக்கு வாறன்," என்றாள் சுபாஜினி. குரல் கரகரத்தது. செருமிவிட்டு இன்னொருமுறை சொன்னாள்.