வந்தவங்க வீட்டுப் பிள்ளை

போன வாரம் உக்கடத்தில் பேருந்து ஏறினேன். அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மாள் பெரிய பையோடு ஏறினார். பையில் கருவாடு. கொஞ்ச நேரத்தில் பேருந்தே இரண்டு கட்சியாகிவிட்டது: மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள், பொத்திக்கொள்ள ஆசைப்பட்டு நாகரிகம் கருதிச் சும்மா இருந்தவர்கள். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத நான் மட்டும் எழுந்து போய் அந்த அம்மாளுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். இது என் பிள்ளைகள் வளர்ந்த வாசனை அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருப்பார்.

உண்மை அதுதான். எங்கள் சின்னவன் ஒன்றரை வயதிலிருந்து கருவாட்டு வாசனையில் வளர்ந்தவன். கடலோர மீன் வாடிகளில் கருவாடு காயும். எங்கள் கொடியில் அவன் துணிகள் காயும். நடுவில் காற்று சும்மா இருக்காது. எத்தனை தோய்த்தாலும் அவன் சட்டையில் சீலா மீன் வாசனை இருக்கும். மீன் தின்னாத வீட்டில் மீன் வாசனையோடு ஒரு பிள்ளை ஓடித் திரிந்தது.

நாங்களும் வெளிநாட்டில் இருந்தோம் என்று சொன்னால் உறவினர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எந்த நாடு என்பார்கள். இலங்கை என்றதும் ‘ஓ’ என்று பழையபடி சாய்ந்துகொள்வார்கள். துபாய்க்குப் போய் வந்தவருக்கு இருக்கிற மரியாதையில் கால்வாசி எங்களுக்குக் கிடையாது. தமிழ் பேசுகிற ஊர் எப்படி வெளிநாடாகும் என்று என் சித்தப்பா ஒருவர் சண்டைக்கே வந்தார். குடிவரவுத் திணைக்களத்தில் விசாவுக்காக அரை நாள் நின்று பார்த்தால் தெரியும்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என் மனைவி கோமதி காற்றாலைப் பொறியாளர். உடுமலைப் பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவளைப் புத்தளம் கடற்கரையில் புதிதாக நிறுத்திய காற்றாலைகளுக்கு ஒப்பந்தத்தில் கூப்பிட்டார்கள். நான் பாடப்புத்தக அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவன். பிழைகள் எங்கேயும் ஓடிப்போகாது என்று தைரியம் சொல்லிக்கொண்டு வேலையை விட்டேன். மூத்தவள் கயல்விழியைக் கையில் பிடித்து, சின்னவனை இடுப்பில் வைத்து, கோமதியின் பின்னால் கப்பல் ஏறாத குறையாகக் கிளம்பினேன். மரக்கறி மட்டும் தின்னுகிற வீட்டில் பிள்ளைக்கு மீன் பெயர் வைத்திருக்கிறார்களே என்று அந்த ஊர் கடைசிவரை ஆச்சரியப்பட்டது.

கற்பிட்டிக்குப் போகிற வழியில் குறிஞ்சிப்பிட்டியில் வீடு. மணல் தரை, மணல் தெரு, மணலில் விளைகிற வெங்காயம். ஆடி ஆவணியில் சோளகக் காற்று அடித்தால் சோற்றிலும் மணல். அந்தக் காற்று கோமதிக்குச் சம்பளம் தந்தது, எனக்கு வேலை தந்தது. நாள் முழுக்கக் கூட்டினேன். கூட்டியதைக் காற்று மறுபடி உள்ளே கொண்டுவந்து போட்டது.

வீட்டில் இருக்கிற ஆம்பிளை என்பது அந்த ஊருக்குப் புதுமை. முதல் மாதம் முனைக் கடைக்காரர் தம்பிக்கு என்ன வேலை என்று கேட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ‘அது சரி தம்பி, வேல?’ என்று மறுபடி கேட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பெயரே தேவைப்படவில்லை. கோமதியை ஊரில் எல்லோரும் மிஸ் என்பார்கள். ‘மிஸ்ஸோட மாப்பிள’ என்று சொன்னால் ரொட்டி விற்கிற பாண்காரரிலிருந்து தபால்காரர்வரை எல்லோருக்கும் தெரியும். அங்கே கணவனை மாப்பிள்ளை என்றே சொல்வார்கள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து மறுபடி மாப்பிள்ளையானதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. பகலில் அந்தத் தெருவில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். அதனால் பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. பக்கத்து வீட்டில் ஜவாஹிர் நானா லொறி ஓட்டப் போய்விடுவார். அவர் மனைவி, நான்கு பிள்ளைகள். கடைசிப் பெண் ரிஃப்கா, கயலைவிட இரண்டு வயது மூத்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தென்னங்கிடுகு வேலி. ரிஃப்காவின் உம்மா வேலிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வேலியில் பிள்ளைகள் நுழைந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது; அங்கே அதைப் பொட்டு என்பார்கள். எங்கள் கதை பேச்சு எல்லாம் அதன் வழியாகப் பிள்ளைகள் மூலமே நடந்தது. கறிவேப்பிலை வேண்டுமா, உம்மா கேட்கச் சொன்னா. தண்ணீர் வருகிறதா, அப்பா கேட்கச் சொன்னார். தபால்காரி எங்கள் கயல். கெட்டிக்காரி என்று அவளை மெச்சிக்கொண்டேன்.

நோன்பு மாதம் வந்தது. ஊரே நடையை மாற்றிக்கொண்டது. பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடிக்கிடக்கும், தெரு கண்ணை மூடிப் படுத்திருக்கும். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கஞ்சி கொதிக்கிற வாசனை. தேங்காய்ப்பால், இஞ்சி, ரம்பை இலை. பிழை திருத்துபவனின் மூக்கு எனக்கு. வாசனையை வைத்தே எந்த வீட்டில் எது குறைகிறது என்று சொல்லிவிடுவேன். பாலர் பாடசாலைக்கு விடுமுறை. கயல் காலையில் பொட்டுக்குள் நுழைந்தால், நடுவில் வந்துபோனாலும், பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்குக்குப் பிறகுதான் வீடு தங்குவாள்.

அந்த மாதத்தில்தான் அவள் மெலிந்தாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. காலையில் தோசையைத் தட்டில் போட்டுக் கொடுத்தால், கொல்லைப்புறம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று எடுத்துப்போவாள். மதியம் தயிர்ச்சோறும் அப்படியே. தட்டு காலியாகத் திரும்பும். ஆனால் கன்னம் ஒட்டிப்போனது. பகலில் சுருண்டு படுத்தாள். இரவு ஒரு வாய் தின்றுவிட்டுப் போதும் என்றாள். இன்னொரு விசித்திரம், தலையில் தண்ணீர் பட்டாலே அழுகிறவள் இப்போது காலை, மதியம், மாலை என்று குளிக்கப் போனாள். வெயில் என்று நினைத்தேன். பெண் பிள்ளைக்குச் சுத்தம் வந்துவிட்டது என்றுகூடக் கோமதியிடம் பெருமை அடித்தேன்.

ஒரு நாள் கிணற்றடியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். புத்தளத்துக்குக் கொண்டு போனோம். இரத்தம் எடுத்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். உடம்பில் ஒன்றுமில்லை, பிள்ளைக்கு இடம் ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் மருத்துவர் மெல்லக் கேட்டார். அந்தக் கேள்வி எங்களோடு பேருந்தில் வீடுவரை வந்தது. கோமதி வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

‘நீங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு ஊருக்குப் போயிருங்க. நான் ஒப்பந்தம் முடியற வரைக்கும் தனியா இருந்துக்கறேன்.’

நான் மறுக்கவில்லை. சின்னவன் அப்போதுதான் அம்மா வேலையிலிருந்து வருகிற நேரத்தைக் கற்றுக்கொண்டு வாசலில் போய் நிற்கத் தொடங்கியிருந்தான். ஒன்றரை வருடம் அவனுக்கு அம்மா தொலைபேசியில் ஒரு குரலாக இருப்பாள். பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்றுதான் பட்டது. அடுத்த வாரம் கிளம்புவதென்று முடிவானது. கயலிடம் சொன்னேன். கேட்டதும் அவள் எழுந்து குளிக்கப் போனாள்.

மறுநாள் மதியம் தயிர்ச்சோற்றோடு அவள் கொல்லைப்புறம் போனாள். சின்னவனைத் தூக்கிக்கொண்டு, ஊட்டிவிடலாம் என்று பின்னாலேயே போனேன். முருங்கை மரத்தடியில் கயல் நின்றாள். எதிரே ஒரு கழுதை. கற்பிட்டிப் பக்கம் கழுதைகள் தெருவெல்லாம் சுற்றும், யாருக்கும் சொந்தமில்லை. கயல் தட்டை நீட்டிப் பிடித்திருந்தாள். கழுதை அவசரமே இல்லாமல் வாடிக்கையாளரைப் போலத் தின்றுகொண்டிருந்தது. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். பெருங்காய வாசனை நன்றாகத் தெரியும்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையில் வந்தது ஆவல்தான். ஏன் கண்ணு என்றேன்.

‘நான் நோன்பு, அப்பா.’

எத்தனை நாளாக என்று கேட்டேன். தொடக்கத்திலிருந்தே என்றாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லையா என்றேன். குளிக்கும்போது தெரியாமல் வாய்க்குள் போனால் நோன்பு முறியாது என்று ரிஃப்கா சொன்னாளாம். அதனால்தான் மூன்று வேளையும் தெரியாமல் போயிருக்கிறது.

தட்டை வாங்கிக்கொண்டு வேலியடிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிள்ளையை நடுவில் வைக்காமல் நேரே கூப்பிட்டேன். அக்கா, கயல் நோன்பு பிடிப்பது உங்களுக்குத் தெரியுமா என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

‘உங்களுக்குத் தெரியுமெண்டு தானே தம்பி புள்ள சொன்னிச்சு. மொத நாளே கேட்டு விட்டன், வாப்பாட்ட சொல்லிட்டியா எண்டு. அப்பா ஓமெண்டு சொன்னார் எண்டிச்சு.’

எனக்கு விளங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வந்த தபாலைத் தபால்காரியே பிரித்துப் படித்து, அவளே பதிலும் போட்டிருக்கிறாள். கேட்டால் விடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

‘நீங்க மரக்கறி ஆக்கள். எங்கட சட்டியில இறைச்சி போட்டுக் காய்ச்சுறது. புள்ளைக்கெண்டு புதுச் சட்டி வாங்கி வேறயாத் தான் கஞ்சி காய்ச்சினன். ஒரு நாளும் மாத்திக் குடுக்கல்ல தம்பி.’ குரல் தழுதழுத்தது. நான் பழி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் பிள்ளைக்காக எனக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் தனியாக அடுப்பெரிந்திருக்கிறது. நான் மதியச் சோற்றைக் கழுதைக்குத் தாளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கயலைக் கேட்டேன். அவள் வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: ‘நோன்பு புடிச்சா ஊர்ப் புள்ளயாம். இல்லாட்டி வந்தவங்களாம். ரிஃப்கா சொன்னா.’

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. ‘அவளையே பள்ளிக்கூடத்துல அப்பிடித் தான் சொல்றாங்க தம்பி. நாங்க மன்னாரால வந்து இருவது வருசத்துக்கு மேல. என்ட நாலு புள்ளையும் இங்க தான் பொறந்திச்சு. இன்னும் வந்தவங்க தான்.’

அன்றைக்கு அவர் நிறையப் பேசினார். மன்னார்த் தீவில் வீடு இருந்தது. போரின்போது முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்ததும், ஒரே நாளில் விட்டுவிட்டு வந்தார்கள். வரும்போது கையில் இருந்தது மாற்றுத் துணியும் கொஞ்சம் காசும். இப்போது போகலாம் என்கிறார்கள். ஜவாஹிர் நானா அடிக்கடி போய்ப் பழைய வளவில் மண்டிய காட்டை வெட்டுகிறார். மூத்த பையன்கள் வரமாட்டோம் என்கிறார்கள்; அது உங்கட ஊர், எங்கட ஊர் இல்லை என்கிறார்களாம். வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று நாங்கள் இணையத்தில் தேடிப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு வேலிக்கு அப்பால் ஒரு பெண், நாட்டைவிட்டே போகாமல், நான்கு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்துக்கொண்டிருந்தார்.

மாலை கோமதி வந்ததும் சொன்னேன். கழுதைவரைக்கும் சிரித்தாள். புதுச் சட்டிக்கு வந்ததும் அழுதாள். ஊருக்குப் போகலாமா என்று கயலைக் கேட்டாள். ‘நான் வரமாட்டன்’ என்று கயல் அந்த ஊர்த் தமிழிலேயே சொன்னாள். இடம் ஒத்துக்கொள்ளாமல் மெலியவில்லை, ஒத்துக்கொண்டதால்தான் மெலிந்திருக்கிறாள். பயண ஏற்பாட்டைக் கைவிட்டோம்.

தீர்ப்பு வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அரை நோன்பே போதும், மதியம் லுஹர் பாங்கு சொன்னதும் சாப்பிட வேண்டும், தண்ணீருக்கு நோன்பே கிடையாது. ரிஃப்காவுக்கு நல்ல திட்டு விழுந்ததும் இந்தப் பக்கம் கேட்டது. மறுநாளிலிருந்து லுஹர் பாங்கு தொடங்குவதற்குள் கயல் தட்டோடு உட்கார்ந்திருப்பாள். மாலையில் புதுச் சட்டிக் கஞ்சி. கன்னம் திரும்பி வந்தது. கழுதை கொஞ்ச நாள் முருங்கையடியில் நின்று பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டது.

ஒப்பந்தம் முடிந்து நாங்கள் கோவைக்குத் திரும்பினோம். கயலைப் பள்ளியில் சேர்த்தோம். முதல் வாரம் வகுப்பில் அவள் கதிரை என்றாள், பாண் என்றாள், ஆசிரியை எதைக் கேட்டாலும் ஆமாம் என்னாமல் ஓம் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அழவில்லை. சாப்பிட்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள், அதன் பிறகு அந்தச் சொற்களைச் சொல்லவே இல்லை. நான் தவறிச் சொன்னால்கூட, வெளியில் அப்படிப் பேசாதீங்கப்பா என்றாள். அங்கே ஊர்ப் பிள்ளையாவதற்குப் பட்டினி கிடந்தவள் இங்கே ஊர்ப் பிள்ளையாவதற்கு வாயை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில் எனக்கு வலித்தது. ஆனால் அவளுக்கு அது எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நோன்பில் ரிஃப்காவின் உம்மா அழைத்தார். மன்னாருக்கே போய்விட்டார்களாம். மூத்த பையன்கள் கற்பிட்டியிலேயே நின்றுவிட்டார்கள். ரிஃப்கா மட்டும் கூடப் போயிருக்கிறாள். பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும் என்றார். கயலிடம் கொடுத்தேன். முன்பு ரிஃப்காவைப் போலவே அவரை உம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தவள். ‘நல்லா இருக்கேன் ஆண்ட்டி. நீங்க எப்படி இருக்கீங்க?’ என்றாள். சுத்தமான கோவைத் தமிழ். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போனாள்.

என்ன சொல்லிச் சமாளிப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவரே பேசினார்.

‘இங்க ரிஃப்காவப் புத்தளத்தாள் எண்டு தான் தம்பி கூப்பிடுறாங்க. உங்கட புள்ளையாவது ஊர்ப் புள்ளையாகிட்டா. நல்லது.’

‘ஓம் அக்கா’ என்றேன். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம்.