கச்சான் என்றால் காற்று

நீ பொய் சொன்னாய். காதோடு காதாகச் சொன்ன பொய் அல்ல. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்டில், மாதா கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், செத்தவனின் நினைவுக் கூட்டத்தில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாய். அவனுடைய மனைவி முன்வரிசையில் இருந்தாள்.

"கடைசியா அவன் என்னட்டக் கேட்டது கச்சான்," என்றாய். "ஒரு கையில பியர். மற்றக் கையை நீட்டிக் கச்சான் கேட்டவன். சந்தோசமாப் போனவன்."

பியருக்குக் கொறிக்கக் கடலை கேட்டானாம் என்று சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த செபமாலையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுச் ஸிப்பை இழுத்து மூடினாள். நான் அதைப் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. நீ அடுத்த கதைக்குப் போய்விட்டாய்.

இங்கே யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். உன் பெயர் உனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் மட்டக்களப்பான். நீ கொழும்பில் பிறந்து வளர்ந்தவன், எங்களுக்கு முதலே கனடாவுக்கு வந்து கழுத்தில் ரை கட்டி வேலைக்குப் போனவன். மற்றவன் மன்னாரான், கத்தோலிக்கன், எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்தவன். அவனும் நானும் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட். ஸ்கார்பரோவில் ஏரிக்கரைத் துறையில் உன்னுடைய பழைய பாய்ப்படகு நின்றது. கோடையில் சனிக்கிழமைகளில் எங்களை ஏற்றிக்கொண்டு போவாய். உனக்குப் படகு ஓட்டத் தெரியும். அதை நான் மறுக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பாய்க்கயிறு பிடிக்கச் சொல்லித் தந்தவன் நீதான்.

மன்னாரான் முதல் நாளே ஏரித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உது கடல் இல்லை மச்சான். உப்புப் போடாத கஞ்சி."

"அப்ப உப்புள்ள இடமாப் பாத்துப் போவம்," என்றாய்.

அப்படித் தொடங்கியதுதான். சண்டையால் ஊர்க் கடலில் இறங்க முடியாத காலம். மலேசியாவில் ஒரு சீனக்காரர் பாய்ப்படகு வாடகைக்கு விடுகிறார் என்று எங்கோ கேட்டுக்கொண்டு வந்தாய். சித்திரை மாதத்தில் அங்கே காற்று நம்பிக்கை இல்லாதது, அதனால் வாடகை மலிவு. மூன்று பேருக்கும் அப்போது கனடாக் கடவுச்சீட்டு இருந்தது. மன்னாரான் தன்னுடையதை அதுவரை ஒரு பயணத்துக்கும் எடுக்கவில்லை.

அந்தப் பனிமாரி முழுவதும் அவன் அளவுக்கு மீறிக் குடித்தான். வேலை முடிந்ததும் குடி, லீவு நாளில் காலையிலேயே குடி. தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனன்று நிறுத்தினான். பயணத்துக்கு முதல் நாள் நான் அவர்களுடைய குசினியில், அடுப்படியில் நின்றேன். மனைவி சூட்கேசுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"போங்கோ. நான் மறிக்கேல்ல. ஆனா உயிர்த்த பெருநாள் வரைக்கும் ஒரு சொட்டும் தொடமாட்டன் எண்டு இதில கைய வைச்சுச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

செபமாலையை நீட்டினாள். அவன் தொட்டுச் சொன்னான். பிறகு அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "என்னோட வந்தா நனைஞ்சு போகும். நீ வைச்சிரு."

லங்காவியில் படகை எடுத்துப் பினாங்குப் பக்கம் தெற்கே இறங்கினோம். அந்தக் கடலைப் பற்றி அழகாக எழுத எனக்குத் தெரியாது. தண்ணீர் வெந்நீர் மாதிரி இருந்தது. சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் தண்ணீரில் இருந்து நேராக எழும்பி நின்றன. கண்டல் காட்டு வாய்க்கால்களில் நங்கூரம் போட்டு, மீன்காரரிடம் கணவாய் வாங்கி அவன் கறி வைத்தான். தவக்காலம் என்பதால் இறைச்சியும் தொடவில்லை. நானும் நீயும் பியர் குடிக்க, அவன் அன்னாசிச் சாறு குடித்தான்.

"பாதர், தீர்த்தம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டோ?" என்று நீ சீண்டினாய்.

"நீ குடி மச்சான். பெருநாளுக்கு உன்ர பங்கையும் சேர்த்து நான் குடிப்பன்."

இது எல்லாம் உனக்கு ஞாபகம் இல்லையா? அவன் குடிக்காமல் இருப்பதை வைத்து ஒவ்வொரு நாளும் பகிடி பண்ணியவன் நீ. அதே வாயால்தான் ஒரு கையில பியர் என்று சொன்னாய்.

இனி அந்தச் சொல்லைப் பற்றி. எங்கள் ஊர்களில் மேற்கில் இருந்து அடிக்கும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். மட்டக்களப்பில் கச்சான் அடித்தால் சூடு தாங்காமல் கதவைச் சாத்துவோம். மன்னாரிலும் மீன்பிடிக்கிறவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். கடதாசிச் சுருளில் வாங்கித் தின்கிற நிலக்கடலையும் எங்களுக்குக் கச்சான்தான். ஒரே சொல், இரண்டு பொருள். கொழும்பில் வளர்ந்த உனக்கு ஒன்று மட்டும்தான் தெரியும். அதில் உன்னில் பிழை இல்லை. அதை முதலே எழுதிவிடுகிறேன்.

அன்று காலை வடகிழக்கில் இருந்து மெல்லிய காற்று. எங்களுக்கு இடப்பக்கப் பின்புறம். பெரிய பாய் வலப்பக்கம், மேற்கே விரிந்து நின்றது. அந்தப் பாயின் அடியில் ஓடும் நீளக் கட்டையைப் பூம் என்போம். எதிர்ப்பக்கத்துக் காற்று பாயின் முதுகில் அடித்தால் அந்தக் கட்டை படகின் குறுக்கே வீசி மற்றப் பக்கம் போகும். வழியில் தலை இருந்தால் தலை போகும். இதைச் சொல்லித் தந்தவனும் நீதான். பூமைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கலாம். அன்று கட்டவில்லை.

சுக்கான் உன் கையில். கைக்கு எட்டும் தூரத்தில் நீ குடித்துக்கொண்டு இருந்த பியரும் ரொறன்ரோவில் இருந்து நீ கொண்டுவந்த கச்சான் பைகளும். நான் உனக்கு முன்னால் குந்தியிருந்து சிக்குப்பட்ட ஒரு கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மன்னாரான் படகின் முன்முனை அணியத்தில் சின்னப் பாயைச் சரிசெய்யப் போயிருந்தான். மேற்கே சுமாத்திராப் பக்கம் வானம் கறுத்திருந்தது. அதற்கு நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். நீ திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். அவன் ஒருவன்தான் தண்ணீரைப் பார்த்தான்.

"கச்சான்," என்று கத்தினான். எழும்பிப் பாய்மரத்தைத் தாண்டிப் பின்னுக்கு வரத் தொடங்கினான். "டேய், கச்சான், கச்சான்."

கையை மேற்கே நீட்டினான். நான் திரும்பினேன். கடல் மேல் கறுப்பாக ஒரு கோடு எங்களை நோக்கி வந்தது. நீ சிரித்தாய்.

"இந்தா வாறன், அந்தரப்படாத," என்று சொல்லி, சுக்கானை விட்டு, ஒரு பையை எடுத்து அவனுக்கு எறிந்தாய்.

"காத்தடா," என்று நான் கத்தினேன். பை அவனுடைய நெஞ்சில் பட்டுக் காலடியில் விழுந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். அவனுடைய முகத்தில் கோபம் இருக்கவில்லை. இது என்ன என்று விளங்காத ஒரு பார்வை. அப்போதுதான் பூம் வந்தது.

ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவன் அங்கே இல்லை.

பாயை இறக்கி, இயந்திரத்தைப் போட்டு, மழைக்குள் சுற்றிச் சுற்றித் தேடினோம். காற்று ஓய்ந்த பிறகு ஒரு மீன்பிடிப் படகுதான் அவனைக் கண்டது. கரையில் சின்ன ஆஸ்பத்திரி. தலையில் பட்ட அடியிலேயே நினைவு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். நாங்கள் படகுக்குத் திரும்பியபோது தளம் முழுக்க ஊறிப்போன கச்சான். நீ அதைப் பொறுக்கிக் கடலில் போட்டாய். அன்று உன்னைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நினைவுக் கூட்டத்தோடு அந்தப் பாவம் போய்விட்டது.

கொஞ்ச நாள் கழித்து அவனுடைய மனைவி என்னைக் கூப்பிட்டாள். அதே குசினி.

"அண்ணை, உள்ளதைச் சொல்லுங்கோ. அவர் குடிச்சவரோ?"

"இல்லைத் தங்கச்சி. ஒரு சொட்டும் இல்லை. அவன் காற்று வருது எண்டு எங்களுக்குச் சொன்னவன்." சொல் இரண்டையும் விளக்கினேன். நடந்தது முழுவதையும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். "நீங்கள் நல்ல மனுசன். என்ர மனம் ஆறட்டும் எண்டு சொல்லுறியள்," என்றாள். "அவர் அவ்வளவு சனத்துக்கு முன்னால மைக்கில சொன்னவர். கோயில் மண்டபத்தில நிண்டு பொய் சொல்லுவினமே?"

மண்டபத்தில் நின்று பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறவள். புருசன் செத்ததை அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். செபமாலையில் கை வைத்துச் சொன்ன சொல்லை அவன் தண்ணீரில் விட்டான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. ஆண்டுத் திவசத்துக்குப் பூசை ஒப்புக்கொடுத்தாள். மண்டபத்தில் சாப்பாடு வைக்கவில்லை. சனத்தின் முகத்தைப் பார்க்க வெட்கமாம்.

நான் றிச்மண்ட் ஹில்லுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். நீ கராஜ் வாசலில் நின்று கார் கழுவிக்கொண்டு இருந்தாய்.

"எனக்குக் கச்சான் எண்டா கடலைதான்," என்றாய். "வேற என்னெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதை நான் கேக்கேல்ல. பியர் ஆற்ர கையில இருந்தது?"

நீ குழாயை மூடினாய். "செத்தவனுக்கு அதால என்ன குறையப் போகுது? சனம் ரெண்டு சிரிப்புச் சிரிச்சுது. அந்த மாதிரி நேரத்தில அது நல்லதுதானே."

"அவன்ர மனிசி சிரிச்சவளோ?"

"நீ இப்ப என்னைக் கொலைகாரன் எண்டு சொல்ல வந்தனியோ?"

இல்லை. அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. ஒரு சொல் விளங்காமல் போவது குற்றம் இல்லை. ஆனால் குடிகாரன் தவறி விழுந்தான் என்றால் சுக்கான் யாருடைய கையில் இருந்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். அது உனக்குத் தெரிந்திருந்தது. உன் கையில் இருந்த பியரை எடுத்துச் செத்தவன் கையில் வைத்தாய். அவன் எங்களைக் காப்பாற்றச் சொன்ன கடைசிச் சொல்லைக் குடிகாரன் கேட்ட தீனி ஆக்கினாய்.

இப்போது கலியாண வீடுகளிலும் அந்தக் கதை நடக்கிறது. போன மாதம் அஜக்ஸில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலில், என்னை யார் என்று தெரியாத ஒருவன் எனக்கே சொன்னான். கச்சான் கேட்டுச் செத்த மன்னாரான். சொல்லிவிட்டுக் கச்சான் தட்டை என் பக்கம் தள்ளினான்.

அவளிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஆள் அனுப்பாதே. தொலைபேசியும் எடுக்காதே. மைக்கில் சொன்னதை மைக்கில்தான் திருப்பி எடுக்கலாம். அடுத்த திவசத்துக்கு அந்த மண்டபத்தை நான் எடுத்து வைக்கிறேன். அதே சனத்தை நான் கூப்பிடுகிறேன். அவளை முன்வரிசையில் இருத்துவதும் என் பொறுப்பு. நீ வந்து நின்று அவளைப் பார்த்து இரண்டு கேள்விக்குப் பதில் சொல். அன்று காலை குடித்தது யார்? அவன் மேற்கே கையை நீட்டிக் கச்சான் என்று கத்தியது எதை?