பனி விழட்டும் என்று இருந்த வருஷம்

வைகாசி வெயிலை நான் குறை சொல்ல மாட்டேன். அது நேராக வந்து அடிக்கும். நிழலில் ஒதுங்கினால் விட்டுவிடும். என்னால் தாங்க முடியாதது புரட்டாசிக்கு மேல் புதுச்சேரியில் பிடிக்கும் புழுக்கம். வானம் மூடியே இருக்கும், மழை வராது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். துடைத்த இடம் துடைத்து முடிப்பதற்குள் நனைந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுவதுகூட எரிச்சலாக இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்து, கார்த்திகையில் விட்டு, மார்கழி பிறக்கும்போது பனி விழ ஆரம்பித்துவிட வேண்டும். அதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. பிரெஞ்சுக்காரர்கள் போய் மூன்று வருஷமோ நான்கு வருஷமோ ஆகியிருந்தது, அந்த வருஷம் கணக்கு தப்பிப் போயிற்று. என் கணக்கும் அதோடு சேர்ந்து தப்பியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்கு அப்போது முப்பது வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. படித்ததெல்லாம் பிரெஞ்சு. கொடி மாறிய பிறகு, மெட்ராசுக்கும் டில்லிக்கும் போகிற காகிதங்களை இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தலைக்குள் புரட்டிப் போட்டு நான் எழுதுவேன். ஹெட்கிளார்க் சிவப்புப் பென்சிலால் அடிப்பார். மறுபடி எழுதுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது எனக்கு எந்தப் பாஷையிலும் வாயைத் திறக்கப் பிடிக்காது.

வீடு என்றால் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு சந்தில், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை. இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நானாவது பகலில் வெளியே போய்விடுவேன். என் மனைவி நாள் முழுக்க அதற்குள்ளேயே அடுப்பையும் வைத்துக்கொண்டு வெந்தாள். குருசுக்குப்பம் பக்கம் ஒரு வீடு காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கடல் காற்று உள்ளே வந்து போகிறது என்று சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. நான் முடியாது என்றேன். மீன் காயவைக்கிற நாற்றம் வரும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம், குப்பத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான் என்று ஆபீசில் சொல்வார்களே என்பதுதான். இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவள் விடவில்லை. தினமும் கேட்டாள். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் நான் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மறுபடி ஆரம்பித்தாள். அன்று சிவப்புப் பென்சில் கொஞ்சம் அதிகமாகவே விளையாடியிருந்தது. நான் கத்தினேன். “இங்க காத்து வரலன்னா உங்க அப்பா வூட்டுக்குப் போ, அங்கதான் காத்து கொட்டுதே” என்றேன். அவள் சோறு போட்டாள், பாய் விரித்தாள். மறுநாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது சாவி அடுத்த போர்ஷனில் இருந்தது. டிரங்குப் பெட்டி இல்லை.

அவள் அப்பா வீடு முதலியார்பேட்டையில். சைக்கிளில் கால் மணி நேரம். காற்று எதிர்த்து அடித்தால் இருபது நிமிஷம். இதை நான் ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் கால் மணி நேரத்தைக் கடக்க எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று.

அன்றைக்கே போயிருப்பேன். சைக்கிளைக்கூட எடுத்துவிட்டேன். வழியில் அக்கா வீட்டில் இறங்கியதுதான் தப்பு. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு எங்கள் குடும்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புழுக்கக் காலத்தில் முக்கியமான எதையும் பேசக் கூடாது. அப்பாவும் சித்தப்பாவும் வீட்டைப் பிரித்துக்கொண்டது ஒரு மார்கழியில். அக்காவின் கல்யாணத்தில் வந்த மனஸ்தாபத்தைப் பேசித் தீர்த்ததும் இன்னொரு மார்கழியில். ஐப்பசியில் பேசினால் அடிதடியில் முடிவது மார்கழியில் பேசினால் காப்பியில் முடியும் என்று அப்பா சொல்வார். அக்கா அதையே எனக்கும் எடுத்து வைத்தாள். “இப்ப போவாத தம்பி. நீயும் கத்துவ, அவளும் கத்துவா. ரெண்டு மழ பெய்யட்டும், பனி விழட்டும். எல்லாம் தானா அடங்கிடும், அப்ப போயி கூட்டிக்கினு வா.”

அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. மன்னிப்புக் கேட்கப் போக வேண்டிய வேலையை வானத்தின் தலையில் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம் அல்லவா. அக்காவைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. நானே தேடிக்கொண்டிருந்த சாக்கைத்தான் அவள் என் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

ஐப்பசி வந்தது. ஒருநாள் தூறல் போட்டது, தரையில் சூடு கிளம்பியதோடு சரி. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வந்தால், குளித்தது தண்ணீரிலா வியர்வையிலா என்று தெரியவில்லை. கார்த்திகையும் அப்படியே போயிற்று. மழை இல்லாமல் வாய்க்கால் நாறியது. குழாயடியில் சண்டை இல்லாத நாளே கிடையாது. ஆபீசில் இரண்டு பெரிய மனிதர்கள், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தகராறு செய்து ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். அக்கா பால்காரனைத் திட்டி நிறுத்திவிட்டு மறுநாளே திரும்பக் கூப்பிட்டாள். ஊருக்கே சிடுசிடுப்பு பிடித்திருந்தது. எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: இந்த வருஷம் குளிரைக் காணோமே.

நான் தினமும் காலையில் எழுந்ததும் முற்றத்தில் நிற்கும் சைக்கிளிடம் போய் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். பனி விழுந்திருந்தால் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்து கிடக்கும். ஏமாற்றத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வரும். அந்த நிம்மதியைத்தான் இன்றைக்கு நினைத்தாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் மாமனார் ஆபீசுக்கு வந்தார். மில்லில் வேலை செய்தவர். காலை ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு அப்படியே வந்திருந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றார். நான் எழுந்து போனேன். வீட்டு விஷயம் எதையும் எடுக்காமல், எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். எனக்குப் பின்னால் நான்கு பேர் பேனாவை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். “பனி விழட்டும் மாமா, வரேன்” என்றேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிகிற பேச்சு அது. அவர் சரி என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

கிறிஸ்துமசும் வந்துவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள் வழக்கம்போலக் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். குளிர் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு அவர்களுக்குக் குளிர்காலம்தான். கழுத்தில் வியர்வை வழிய, ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அலுப்பாக இருந்தது. அதற்குள் எனக்குக் கோபம் என்று எதுவும் மிச்சமில்லை. அவள் ஞாபகம் வந்தால் நெஞ்சு வலிப்பதுகூட நின்றுபோய், வெறும் களைப்பாக இருந்தது. அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, பாயை விரிக்கவும் சோம்பல் பட்டு வெறும் தரையில் கிடப்பேன்.

மார்கழி பாதி போன பிறகு ஒருநாள் காலையில் சைக்கிள் சீட்டு நனைந்திருந்தது. துடைத்த கை சில்லென்று ஆயிற்று. தெருக்கோடி மங்கலாகத் தெரிந்தது. அன்றைக்கு ஊரே மாறிவிட்டது. டீக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆபீசில் ஜன்னல் தகராறுக்காரர்கள் ஒரே பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தின்றார்கள். ஹெட்கிளார்க் சிவப்புப் பென்சிலையே எடுக்கவில்லை. குளிர் வந்தால் மனசு லேசாகும் என்பது பொய்யில்லை. எனக்கும் ஆயிற்று. இந்த லேசிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு, சாயங்காலம் நேராக முதலியார்பேட்டைக்கு மிதித்தேன்.

மாமியார் வாங்க என்றார், காப்பி கொடுத்தார், மாமனாரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அவள் வந்து எதிரே நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். “புழுக்கத்துல ஏதோ கத்திட்டேன். மனசுல வெச்சிக்காத.”

அவள் அழுவாள், இல்லாவிட்டால் பிடிபிடி என்று பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

“நாலு நாள்ல வருவீங்கன்னு நெனச்சேன்” என்றாள். “வந்தா நல்லா சண்ட போடணும்னு இருந்தேன். என்னென்ன கேக்கணும்னு எல்லாம் சேத்து வெச்சிருந்தேன்.”

“இப்ப கேளு” என்றேன்.

யோசித்துப் பார்த்தாள். கேட்க வேண்டாம் என்று பிடிவாதமாக இல்லை; உண்மையிலேயே யோசித்துத்தான் பார்த்தாள். “பனி விழட்டும்னு சொன்னீங்கன்னு அப்பா வந்து சொன்னாரு. அன்னிக்கோட எல்லாம் போயிடுச்சு. இப்ப ஒண்ணும் தோணல.” பிறகு, “இருங்க, பொடவ மாத்திக்கினு வரேன்” என்று உள்ளே போனாள்.

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பெட்டியை மறுநாள் மாமனார் கொண்டுவந்து வைத்தார். அக்கா எங்களுக்கு விருந்து போட்டு, பார்த்தாயா நான் சொன்னது என்று பத்துப் பேரிடம் சொன்னாள். அந்தத் தையிலேயே நான் குருசுக்குப்பம் பக்கம் வீடு பார்த்தேன். அவள் பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். அதே வரிசையில் இன்னொன்று கிடைத்தது. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். உங்கள் இஷ்டம் என்றாள். பிடிக்கவில்லையா என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கு என்றாள். குடி போனோம்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, துவைத்த சட்டை வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. அவளாக எதையும் கேட்கவில்லை. ஒரு புடவை, ஒரு சினிமா, ஒன்றும் இல்லை. குணத்தில் தங்கம் என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் அவளைச் சொன்னார்கள். நான் மட்டும், சந்தில் இருந்த அந்த இரண்டு அறையில் தினமும் என்னை விடாமல் நச்சரித்தவளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான்கைந்து வருஷம் கழித்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா, இந்தியக் குடியுரிமையே போதுமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம், ஒரு ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எனக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று. அவள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வேண்டுமென்றே ஆரம்பித்தேன். மூன்று மாதம் அப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தாயே, ஒரு கடுதாசி போட்டாயா என்று கேட்டேன். மில்காரன் வீட்டுத் திமிர் என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட மாட்டாளா, கையில் இருப்பதை என் மேல் வீசிவிட மாட்டாளா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே கத்தினேன். வாசல் வழியாகக் கடல் காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. ஆய்ந்த கீரை பறக்காமல் இருக்க அவள் அதன் மேல் ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

நான் முடித்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“புழுக்கமா இருக்குது, அதான் கத்துறீங்க” என்றாள். “மோர் கொண்டாறேன், இருங்க.”

கொண்டுவந்தாள். குடித்தேன்.